சாம்பல் தண்ணீரும் அக்காவின் கைகளும்

சவர்க்காரத்தைக் கண்ணால் கண்டு மாதக்கணக்காகிறது. சண்டையால் பாதை பூட்டிக் கிடக்கிறது; எப்போதாவது வருகிற சாமான்களோடு சவர்க்காரம் வருவதில்லை. போன கிழமை பக்கத்து வளவுப் பெண், பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவள், ஒரு கடுதாசியைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள். மாதர் சங்கத்தில் அச்சடித்துக் கொடுத்தார்களாம். சாம்பல், தேசிக்காய், பழப்புளி, பனம்பழம் என்று வீட்டிலே கிடைக்கிறவற்றை வைத்து வீடு வாசலைத் துப்புரவாக்குகிற வழிகள். கீழே கொட்டை எழுத்தில் ஒரு வரி: இவை எல்லாம் இயற்கையானவை, கைக்கு ஒரு கெடுதியும் செய்யாதவை.

"ரீச்சரம்மா, உங்களுக்கு உதெல்லாம் தலைகீழாய்த் தெரிஞ்சிருக்குமே" என்றாள். தலை நரைத்தவர்கள் எல்லோரும் சாம்பலில் பிறந்து சாம்பலில் வளர்ந்தவர்கள் என்று இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நினைப்பு. எனக்கும் ஒரு கெட்ட பழக்கம். கேட்டால் சொல்லாமல் இருக்கமாட்டேன். முப்பது வருஷம் கரும்பலகைக்கு முன்னால் நின்ற வாய். தெரிந்ததை எல்லாம் சொன்னேன். அந்தக் கடைசி வரியைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் போன பிறகு, உங்களுக்காவது எழுதலாம் என்று தோன்றியது.

தெல்லிப்பழைக்கும் சுன்னாகத்துக்கும் நடுவில் எங்கள் ஊர். ஐயா புகையிலைத் தோட்டம் செய்தவர். எங்கள் வீட்டில் சவர்க்காரம் இல்லாமல் இல்லை, ஒரு கட்டி இருந்தது. அது விருந்தாளிகளுக்கு. விருந்தாளி கைகழுவிவிட்டுப் போனதும் அம்மா அதை வெயிலில் காயவைத்துத் துணியில் சுற்றி எடுத்துவைப்பார். எங்களுக்குப் பனம்பழம். ஆவணி புரட்டாசியில் பழம் விழுகிற காலத்தில் அதைப் பிசைந்து அந்தக் களியில் உடுப்புத் தோய்ப்போம். அழுக்குப் போகும், நுரையும் வரும். ஆனால் வாசம் போகாது. நான் பனம்பழத்தில் தோய்த்த பாவாடையோடு பள்ளிக்கூடம் போகிறபோது ஒழுங்கையில் ஒரு பசு பின்னால் வந்து பாவாடையின் ஓரத்தைச் சப்பத் தொடங்கியது. நான் ஓட, அதுவும் ஓடி வந்தது. அன்றைக்கு வகுப்பில் ஒரு முழம் குறைந்த பாவாடையோடு இருந்தேன். பசுவுக்கு என்மேல் அப்படி ஒரு பாசம் என்று பிள்ளைகள் அந்த வருஷம் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள்.

பித்தளைச் சாமான்களுக்குக் கறிக்குக் கரைத்த புளியின் சக்கை. அதோடு சாம்பல், தேய்க்கத் தேங்காய்ப் பொச்சு நார். குத்துவிளக்கென்றால் செங்கட்டியை இடித்து அரித்த தூள். பிழிந்து முடிந்த தேசிக்காய்க் கோதுகூட எறிபடாது, துருவலையின் அலகைத் தேய்க்கப் போகும். நிலத்துக்குச் சாணி. வைக்கோல் தின்ற மாட்டின் சாணி வேறு, பிண்ணாக்குத் தின்ற மாட்டின் சாணி வேறு. அதை மணந்து பார்த்தே அம்மா சொல்லுவார். "எங்கடை முத்தத்திலை சோத்தைப் போட்டுத் தின்னலாம்" என்று போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் சொல்லுவார். ஒருவரும் தின்ன வந்ததில்லை. அம்மாவின் துப்புரவு அப்படிப்பட்டது, கிட்ட வருகிறவர்களுக்கு எங்கே காலை வைப்பது என்று பயம் வரும்.

இவ்வளவு வேலையையும் செய்தவள் அம்மா அல்ல. நாகி என்று ஒரு பெண். எங்கள் காணியின் கோடியில் குடியிருந்து, தலைமுறையாக எங்களுக்கு வேலை செய்துவந்த குடியைச் சேர்ந்தவள். காலையில் வந்து முற்றம் கூட்டுவாள், சாணி தெளிப்பாள், கிணற்றடி வாழைகளுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து பாத்திரம் எல்லாம் தேய்ப்பாள். தேய்த்து முடித்ததும் எழும்பித் தள்ளி நிற்க வேண்டும். அம்மாவோ அக்காவோ போய் மூன்று தரம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி அலசி உள்ளே எடுத்துவருவார்கள். அவள் கைபட்டுத்தான் பாத்திரம் பளபளக்கும். அவள் கைபட்டதனால்தான் அதைத் திரும்பவும் கழுவ வேண்டும். எனக்கு அப்போது ஒன்பது வயது. இதில் ஒரு கோணல் இருக்கிறதென்று எனக்குத் தெரியவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

நாகிக்குத் தண்ணீர் விடாய்த்தால் கூப்பிட வேண்டும். நாங்கள் போய்ச் சிரட்டையில் ஊற்றுவோம். ஒரு பங்குனி மாதத்து மத்தியானம். கோயில் பொங்கலுக்கென்று பரணில் கிடந்த கிடாரம், அண்டா எல்லாவற்றையும் இறக்கி, அவள் இரண்டு நாளாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டிருக்கிறாள், ஒருவர் காதிலும் விழவில்லை. தான் தேய்த்து வைத்த செம்பில் வாளித் தண்ணீரை எடுத்து, அண்ணாந்து, வாயில் படாமல் ஊற்றிக் குடித்தாள். அம்மா அதைக் குசினி வாசலில் நின்று கண்டுவிட்டார்.

அம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லதென்று இப்போது நினைக்கிறேன். செம்பைக் கீழே வைக்கச் சொன்னார். தென்னோலையைக் கொழுத்திக்கொண்டு வந்து, அவள் கண்ணுக்கு முன்னாலேயே செம்பை நெருப்பில் வாட்டினார். பிறகு என்னைக் கூப்பிட்டுச் சாணித் தண்ணீர் கரைத்துவரச் சொல்லி, அவள் இருந்த இடத்தில் தெளிக்கச் சொன்னார். நாகி அந்த இடத்தை விட்டு இன்னும் எழும்பவில்லை. நான் தெளித்தேன். அம்மா சொன்னால் செய்கிற பிள்ளை நான். அவளுடைய காலிலும் சீலையிலும் பட்டது. அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எழும்பிச் சீலையை உதறிக்கொண்டு படலையைத் தாண்டிப் போனாள். அதற்குப் பிறகு அவளோ அவளுடைய ஆட்களோ எங்கள் வளவுக்குள் வரவில்லை. ஐயா இரண்டு முறை ஆள்விட்டுப் பார்த்தார்.

இதை அம்மா ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. வேலைக்கு ஆள் வராத வீடென்றால் ஊர் என்ன நினைக்கும்? யாராவது கேட்டால், நாகிக்குக் காய்ச்சல், நாகி நாளைக்கு வருவாள் என்பார். அந்த வேலையெல்லாம் அக்காவின் தலையில் விழுந்தது. அக்கா என்னைவிடப் பதினொரு வயது மூத்தவள். பரமேசு என்று கூப்பிடுவார்கள். விடியப் பின்கதவால் போய், ஆட்கள் நடமாடத் தொடங்குவதற்கு முன் முற்றம் கூட்டி, சாணி தெளித்து, பாத்திரம் தேய்த்துவிட்டு, குளித்துத் தலைவாரிப் பொட்டிட்டுக்கொண்டு ஒன்றும் தெரியாதவள் போல் உள்ளே இருப்பாள்.

அந்த வருஷந்தான் அச்சுவேலிப் பக்கமிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மலாயாவில் ரயில்வே கிளாக்கர். லீவில் வந்து கட்டிக்கொண்டு அடுத்த கப்பலில் கூட்டிக்கொண்டு போய்விடுவார். மலாயா மாப்பிள்ளை என்றால் அப்போது எங்கள் பக்கத்தில் அது பெரிய சங்கதி. சாதகம் பொருந்தியது. தரகர் அங்கே போய் என்ன சொன்னார் என்பதை எங்களுக்கும் வந்து சொன்னார். பிள்ளை கை நனையாமல் வளர்ந்தது, வீட்டில் எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிறது என்று சொன்னாராம். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவுக்கு அந்தக் கலியாணத்தில் விருப்பம் இருந்தது என்பது எனக்குத் தெரியும். தரகர் காட்டிய படத்தை அவள் ஒரு தரந்தான் பார்த்தாள். ஆனால் பள்ளிக்கூடத் தேசப்படப் புத்தகத்தில் மலாயா எங்கே இருக்கிறது, கப்பலில் எத்தனை நாள் என்று என்னிடம் மூன்று நாள் விடாமல் கேட்டாள்.

மாப்பிள்ளையின் தாய் எங்கள் வீடு பார்க்க வரப்போகிறார் என்று செய்தி வந்ததும் அம்மாவுக்குச் சாமி வந்ததுபோல் ஆகிவிட்டது. குசினிச் சுவரிலும் கதவிலும் பத்து வருஷத்துப் புகையும் எண்ணெய்ப் பிசுக்கும். மாமியாராக வரப்போகிறவள் குசினிக்குள்தான் முதலில் எட்டிப்பார்ப்பாள் என்றார் அம்மா. அதற்கு அம்மாவிடம் ஒரு மருந்து இருந்தது. வாழைச் சருகையும் தேங்காய்ப் பொச்சையும் எரித்த சாம்பலை ஓட்டைப் பானையில் போட்டுத் தண்ணீர் விட்டால், கீழே தேயிலைச் சாயம் போல ஒரு தண்ணீர் சொட்டும். அதில் ஒரு நகத்தளவு சுண்ணாம்பு கரைத்துத் துடைத்தால் எந்தப் பிசுக்கும் போய்விடும். பிசுக்குப் பெரிதென்றபடியால் அம்மா இந்த முறை நகத்தளவு போடவில்லை. வெள்ளையடிக்க வைத்திருந்த சுண்ணாம்பில் அகப்பையால் அள்ளி அள்ளிப் போட்டார். பின்னாளில் என்னோடு பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பித்த ஒருவரிடம் இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். அவர் கையில் இருந்த தேநீரைக் கீழே வைத்துவிட்டார். அந்த இரண்டையும் அப்படிச் சேர்த்தால் வருவது சவர்க்காரம் காய்ச்சுகிற காரம், அதைத் தொடக்கூடாது என்றார்.

அக்கா அதில் மூன்று நாள் கையை வைத்தாள். சாக்குத் துண்டைத் தோய்த்துத் தோய்த்துச் சுவர், கதவு, பலகை, பரண் எல்லாம் தேய்த்தாள். முதல் நாள், கை நல்ல வழுவழுப்பாய் இருக்கிறதென்று என் கன்னத்தில் தடவிக் காட்டினாள். கன்னம் எரிந்தது, நான் கழுவிவிட்டேன். இரண்டாம் நாள் கை சிவந்தது. மூன்றாம் நாள் விரல் இடுக்கெல்லாம் தோல் பிளந்துவிட்டது.

"அம்மா, தாங்கேலாமல் எரியுது" என்றாள்.

"வேலை செய்யிற கை எரியத்தான் செய்யும். இன்னும் ஒரு சுவர்தானே கிடக்கு."

அந்தச் சுவரையும் தேய்த்து முடித்தாள். குசினி புதுவீடு மாதிரி ஆகிவிட்டது. அன்றைக்குப் பின்னேரம் அக்காவின் கைகள் இரண்டும் மணிக்கட்டுவரை பொங்கிப்போயின. நல்லெண்ணெயும் மஞ்சளும் பூசி வாழைக்குருத்தால் சுற்றிக் கட்டினோம். இரண்டு கிழமை நான்தான் அவளுக்குச் சோறு தீத்தினேன். பரியாரியாரைக் கூப்பிடுவோம் என்று ஐயா மெல்லச் சொன்னார். பரியாரி வந்தால் ஊருக்கே தெரிந்துவிடும் என்று அம்மா தடுத்துவிட்டார். ஐயா எழும்பித் தோட்டத்துக்குப் போனார். அவருக்குத் தெரிந்த மறுமொழி அது ஒன்றுதான்.

பொருக்கு விழுந்தபோது கீழே வந்த புதுத்தோல் வெள்ளையாக இருந்தது. விரல்களில், புறங்கையில், திட்டுத் திட்டாக. அந்தக் கிழமைதான் அவர்கள் வந்தார்கள்.

திருக்கல் என்கிற ஒற்றைமாட்டு வண்டிலில் மாப்பிள்ளையின் தாயும், தாயின் தமக்கையும். அம்மா அக்காவின் கைகளில் மஞ்சளை அப்பியிருந்தார். வெற்றிலைத் தட்டத்தைக் கொண்டுவந்து வைத்ததும் உள்ளே போய்விட வேண்டும் என்று சொல்லியும் வைத்திருந்தார். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. தாய் குசினியை எட்டிப்பார்த்து, கண்ணாடி மாதிரி வைத்திருக்கிறீர்கள் என்று மெச்சினார். எல்லாம் நாகிதான், தலைமுறையாக எங்களோடு இருக்கிறவள், இன்றைக்குத் தன் பிள்ளைக்குச் சுகமில்லை என்று வரவில்லை, என்றார் அம்மா. அந்த மனுஷி கெட்டவர் அல்ல. அக்காவை அவருக்குப் பிடித்துவிட்டது. அதுதான் வினையாகப் போனது. பிடித்தபடியால் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தினார்.

"காப்புக்கு ஒருக்கா அளவு பாப்பம், கையைத் தாரும் பிள்ளை."

அக்காவின் கை அவருடைய கைக்குள் போனது. பயத்தில் வேர்த்திருக்க வேண்டும், மஞ்சள் அவருடைய வெள்ளைச் சீலையில் ஒட்டிக்கொண்டது. அவர் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"உதென்ன பிள்ளை, கையிலை?"

அக்கா அம்மாவைப் பார்த்தாள். சாம்பல் தண்ணீர் சுட்டது என்று ஒரு வசனம் போதும். ஆனால் அடுத்த கேள்வி என்ன வரும் என்று அம்மாவுக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் ஆள் இருக்கிற வீட்டில் பிள்ளை ஏன் அதற்குள் கைவைத்தது? நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் விரல் என் தொடையைப் பாவாடையோடு சேர்த்து முறுக்கியது.

"அது ஒண்டுமில்லை" என்றார் அம்மா. "ஒரு சின்னக் கிரந்தி. கெதியிலை மாறீடும்."

கிரந்தி என்றால் தோலில் வருகிற எந்தக் கெட்ட வருத்தத்துக்கும் எங்கள் பக்கத்தில் சொல்லுகிற பெயர். மாப்பிள்ளையின் தாய் அக்காவின் கையை மெதுவாக அவளுடைய மடியிலேயே வைத்துவிட்டார். தன் விரல்களைச் சீலைத் தலைப்பில் துடைத்தார். அவரும் தமக்கையும் இன்னும் கொஞ்ச நேரம் மழையைப் பற்றிக் கதைத்தார்கள். வெற்றிலை எடுக்காமல் எழும்பினார்கள். ஐயா தூணோடு நின்று நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வண்டிலுக்குப் பின்னால் ஓடினேன். சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஓடினேன். ஒழுங்கை முடிகிற இடத்தில் வண்டில் நின்றது. அங்கே வேலியோரத்தில் நாகி புல் செருக்கிக்கொண்டிருந்தாள். வண்டில்காரன் எங்கள் ஊரவன், இவள்தான் நாகி என்று காட்டியிருக்க வேண்டும். மாப்பிள்ளையின் தாய் வண்டிலுக்குள் இருந்தபடியே அவளைக் கிட்டக் கூப்பிட்டுக் கேட்டார். அந்த வீட்டுப் பிள்ளையின் கையில் இருக்கிறது என்ன, எவ்வளவு காலமாக இருக்கிறது என்று. கெஞ்சுகிற மாதிரித்தான் கேட்டார். ஒரு நல்ல மறுமொழி கிடைத்தால் திரும்பி வந்திருப்பார் என்றுதான் நான் இன்றைக்கும் நம்புகிறேன்.

நாகி நிமிர்ந்தாள். பின்னால் நின்ற என்னைக் கண்டாள்.

"எனக்கு என்ன தெரியும் நாச்சியார். நான் அந்த வீட்டிலை தண்ணியும் குடிக்கிறேல்லை."

மெய்தானே. அவள் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை; ஆனால் நாகியே வாய்நனைக்கப் பயப்படுகிற வீடு என்றுதான் வண்டிலுக்குள் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்கும். சாணித் தண்ணீர் தெளித்த கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். வண்டில் போய்விட்டது. வெகுகாலம் எனக்கு நாகிமேல் கோபம் இருந்தது. அவள் நினைத்திருந்தால் அக்காவைக் காப்பாற்றியிருக்கலாம் என்று. அந்தக் கோபத்துக்கு எனக்கு உரிமை இல்லை என்று விளங்கியபோது எனக்கே நாற்பது வயதாகிவிட்டது. புத்தி மெல்லத்தான் வந்தது.

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமோ. அச்சுவேலியில் கிரந்தி என்று புறப்பட்டது சுன்னாகம் சந்தைக்கு வரும்போது குட்டநோயாகிவிட்டது. கோயிலில் அக்கா நின்றால் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற இடம் காலியாக இருக்கும். தரகர் எங்கள் படலையைக் கண்டால் அடுத்த ஒழுங்கையால் திரும்பினார். மாப்பிள்ளை வேறு இடத்தில் கட்டிக்கொண்டு கப்பலேறினார். அம்மா சுத்தத்தை விடவில்லை. அந்தச் சாம்பல் தண்ணீர்ப் பானை மட்டும் கோடிக்குள் கவிழ்ந்து கிடந்தது.

ஒன்றரை வருஷத்தில் அக்காவின் கைகளில் நிறம் திரும்பியது. முதலில் ஓரங்கள், பிறகு நடு. காலையில் கிணற்றடி வெயிலில் கைகளை விரித்து என்னிடம் காட்டுவாள். "பாரடி, போயிட்டுதே?" என்பாள். ஒரு நாள் உண்மையிலேயே ஒரு பொட்டும் இல்லை. ஓமக்கா, முழுக்கப் போயிட்டுது என்றேன். அன்றைக்கு அவள் நல்ல சீலை உடுத்துத் தனியாகவே கோயிலுக்குப் போனாள். கைகளை நீட்டித் திருநீறு வாங்கினாளாம். ஐயர் எட்ட நின்று போட்டாராம். வந்து சீலையை மாற்றிக்கொண்டு முற்றம் கூட்டினாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் கையைக் காட்டவில்லை.

நான் படித்தேன், ரீச்சரானேன், கதை எட்டாது என்று நினைத்த தென்மராட்சியில் ஒருவரைக் கட்டினேன். கட்டுமுன் என் கைகளையும் அவர்கள் பார்த்தார்கள். ஐயா செத்த பிறகு அக்காதான் அம்மாவோடு இருந்தாள். அம்மா கடைசியில் இரண்டு வருஷம் பாயில் கிடந்தார். கழுவித் துடைத்து மாற்றியது எல்லாம் அக்கா. ஒரு முறை நான் போயிருந்தபோது, சுகம் விசாரிக்க வந்த ஒரு மனுஷி, மூத்தவளுக்கு ஏன் கலியாணம் சரிவரவில்லை என்று அம்மாவிடம் கேட்டார். அக்கா கஞ்சிக் கோப்பையோடு அங்கேயே நின்றாள்.

"அவளுக்குக் கையிலை வருத்தம்" என்றார் அம்மா.

நாற்பது வருஷமாக விழுங்கியதை அந்த மனுஷிக்கு முன்னாலேயே சொன்னேன். "அம்மா, அது வருத்தமில்லை. நீங்கள் கரைச்ச சாம்பல் தண்ணி. குசினி தேய்க்கச் சொல்லி அக்காவின்ரை கையைச் சுட்டது நீங்கள்."

அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். பொய் சொல்கிற முகமில்லை அது. உண்மையாகவே என் பேச்சு விளங்காத முகம்.

"உவள் என்ன கதைக்கிறாள்? உந்த வேலையெல்லாம் செய்ய எங்களிட்டை ஆள் இருந்ததெல்லே."

அக்கா குனிந்து அம்மாவின் தலையைத் தூக்கினாள். "விடு தங்கச்சி, கஞ்சி ஆறப்போகுது" என்றாள்.

அம்மா போய்விட்டார். அக்காவும் போய்விட்டாள். அவளைக் குளிப்பாட்டிய நாளில், உதவிக்கு வந்த சொந்தக்காரப் பெட்டை ஒருத்தி, எல்லாம் நடந்து எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு பிறந்தவள், தன் கையில் ஒரு துணியைச் சுற்றிக்கொண்டுதான் அக்காவின் விரல்களைத் துடைத்தாள். நான் அவளைத் தள்ளி இருக்கச் சொல்லிவிட்டு வெறுங்கையால் துடைத்தேன். அந்த வீட்டின் கூரை இப்போது இல்லை, குசினி இருந்த இடத்தில் எருக்கலை நிற்கிறதாம். அச்சுவேலியார், வண்டில்காரன், நாகி, ஒருவரும் இல்லை. அக்காவின் கையில் ஒரு வருத்தமும் இருந்ததில்லை என்று சொல்ல நான் ஒருத்திதான் மிச்சம்.